ஊரடங்கும் 47 மைக்ரோபரட்டும்

2022 ஏப்ரல் 1ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை. 15 அங்குல டியூப் மொனிட்டர் ஒன்றை மடியில் ஏந்திக்கொண்டு கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு முச்சக்கரவண்டியில் வந்துகொண்டிருந்தேன். கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்து, பின்பக்கக் கழுத்து எதிலும் முட்டாதபடி பிடித்திருந்தேன். டியூபில் மெல்லிய இடம் அந்தக் கழுத்துதான். அது விண்டால் உள்ளே காற்றுப் புகுந்து கதை முடிந்துவிடும். சாரதி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டேவிட்டார்.

"இதைத் திருத்துவதற்கு இன்னும் ஆள் இருக்கிறார்களா?"

"நான்தான் அந்த ஆள்" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. பெட்ரோல் வரிசையில் அரைநாள் நின்ற களைப்பு அவருக்கு.

மொனிட்டர் ஒரு சிறிய அச்சகத்துக்குச் சொந்தமானது. அச்சக ஐயாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. அவருடைய கணினி உலகம் அங்கேயே நின்றுவிட்டது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வெட்டு. கடல் கடந்த வாசகர்களுக்கு ஒரு சொல்: எங்களிடம் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. இறந்தவரின் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காக, அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் தேவாரங்களும் குடும்பத்தாரின் புலம்பல் வெண்பாக்களும் சேர்த்து அச்சிடும் சிறுநூலுக்கும் அதுதான் பெயர். செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் அந்தியேட்டி. கல்வெட்டின் பக்கங்கள் கணினிக்குள் இருந்தன. திரை இருண்டுவிட்டது.

வேலை நிற்கக்கூடாது என்பதற்காக என் வீட்டு எல்சிடி மொனிட்டரைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். படம் வந்தது, கணினி நலம் என்பதும் தெரிந்தது. பழுது எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. ஆனால் ஐயாவின் முகம் தெளியவில்லை.

"தம்பி, புள்ளி தெரியவில்லை" என்றார்.

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அந்தக் கணினி 800க்கு 600 என்ற அளவில்தான் படம் அனுப்புகிறது. எல்சிடியின் படப்புள்ளிகளோ தொழிற்சாலையிலேயே எண்ணி வைக்கப்பட்டவை, 1280க்கு 1024. சின்னப் படத்தைப் பெரிய கட்டத்துக்குள் இழுத்து விரிக்கும்போது எழுத்தின் விளிம்பு மங்கிவிடுகிறது. டியூப் மொனிட்டருக்கு அப்படி நிலையான கட்டம் கிடையாது. எந்த அளவைக் கொடுத்தாலும் கூர்மையாகவே காட்டும். மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தடுமாறிக்கொண்டு ஒரு மனிதரின் கல்வெட்டைப் பிழைதிருத்த முடியாதுதானே. பழசை விடமுடியாத பிடிவாதம் என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். அதற்காக வெட்கப்பட்டேன். "திருத்தித் தருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

புறப்படுவதற்கு முன் கேட்கவேண்டியவற்றைக் கேட்டேன். 1997இல், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், விவேகானந்த மேட்டுப் பக்கம் ஒரு தொலைக்காட்சி திருத்தும் கடையில் வேலை பழகினேன். கடைக்கார அண்ணர் எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன் வாடிக்கையாளரை ஸ்டூலில் இருத்தி, வைத்தியர் கேட்பதுபோல் கேட்பார். எப்போது நின்றது? நிற்பதற்கு முன் என்ன செய்தது? மணம் வந்ததா? சத்தம் வந்ததா? அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"கடைசியாக எப்போது அணைத்தீர்கள் ஐயா?"

"நான் அணைப்பதே இல்லை. கணினியை மட்டும் நிறுத்துவேன். மொனிட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்."

"மின்வெட்டு தொடங்கிய பிறகு?"

"முதலில் மின்சாரம் வந்தவுடன் தானே வந்தது. பிறகு கொஞ்சம் சுணங்கி வந்தது. போன கிழமை காலையில் வராது, மத்தியானம் வரும். இப்போது மத்தியானமும் வருவதில்லை."

காலையில் வராது, மத்தியானம் வரும். அச்சகத்துக்குத் தகரக் கூரை. மத்தியானம் உள்ளே இட்லி அவிக்கலாம். அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தில் முழு விடையும் இருந்தது. நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மூளைக்கு அனுப்பாமல் முச்சக்கரவண்டியில் ஏறிவிட்டேன். அதற்காக இரண்டு நாள் வீணானது.

அந்த நாட்களை மறந்தவர்களுக்காக: நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தது. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு. ஊர்களை ஆங்கில எழுத்துகளால் தொகுதி தொகுதியாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு இருட்டு என்று அட்டவணை போட்டார்கள். பல வருடங்களாக அநேகமாக அணையாமலே கிடந்த பழைய மின்கருவிகள் எல்லாம் அந்த மாதங்களில்தான் ஒரு நாளில் பலமுறை அணைந்து எரிய நேர்ந்தது. மின்சாரம் திரும்பி வரும்போது பாய்கிற பாய்ச்சலில் சில செத்தன. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் மேசைக்கு வந்தவற்றில் பல, பாய்ச்சலால் செத்தவை அல்ல. ஓடிக்கொண்டே இருந்தவரை ஓடின. ஒருமுறை நின்றதும் மறுபடி எழும்பத் தெம்பில்லாமல் போய்விட்டன. மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருக்கும் கிழவரை நடுவில் இருத்தினால் பிறகு எழுப்ப முடியாதே, அதுபோல.

வெள்ளி இரவு மூடியைக் கழற்றினேன். இருபது வருடத் தூசி. உயர் அழுத்தம் இருக்கும் இடங்களில் தூசி காந்தத்தில் இரும்புத்தூள் போல அப்பியிருக்கும். டியூபின் முதுகில் சிவப்புத் தொப்பி போட்டிருக்கும் இடத்தில், ஓடும்போது 25,000 வோல்ட் அளவு நிற்கும். நிறுத்திய பிறகும் டியூபே, மின்னைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் போல, அதைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே எனக்கு வேலை இல்லை, கையும் போகவில்லை. மின்வழங்கல் பகுதியில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் அடுத்த பூதம்: கொள்ளளவு 220 மைக்ரோபரட், தாங்கும் அழுத்தம் 400 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டைப் பாலம் போல அமைந்த நான்கு டயோட்டுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) நேர்மின்னாக்கியதும் அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று விரலை வைத்தால் அது சொல்லித் தரும் பாடம் ஆயுளுக்கும் மறக்காது. நான் எப்போதும் பிளக்கைக் கழற்றி, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரண்டு கால்களுக்கும் குறுக்கே கொஞ்ச நேரம் பிடித்து, மீற்றரால் பூச்சியம் பார்த்த பிறகுதான் தொடுவேன். மின்வெட்டுக் காலத்துக்கு இன்னொரு விதியும் சேர்த்துக்கொண்டேன்: வேலை நடுவில் மின்சாரம் போனால் முதலில் பிளக்கைக் கழற்று. இருட்டில் அமைதியாக இருக்கும் பலகை, மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் உன் விரலுக்குக் கீழே உயிர்பெறும்.

பியூஸ் நன்றாகவே இருந்தது. பியூஸைப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. கண்ணாடிக்குள் கறுத்து, வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பின்னால் எங்கேயோ நேரடிச் சோர்ட், அதாவது மின்சாரம் தடையில்லாமல் குறுக்கே பாய்கிற பழுது: டயோட் பாலம் அல்லது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் மொஸ்பெட். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயது, அல்லது ஒரு கணப் பாய்ச்சல். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை பியூஸில் சுற்றிக் கொடுத்த ஒருவரின் வேலையை ஒருமுறை பார்த்தேன். பலகையில் ஐந்து சதக் குற்றி அளவு ஓட்டை இருந்தது.

பியூஸ் நன்றாக இருந்தால் பெரிய சோர்ட் இல்லை. ஆனாலும் நேரே செருகவில்லை. அண்ணரின் கடையில் ஒரு பலகை இருந்தது: ஒரு மின்குமிழ்க் கூடு, ஒரு சொக்கெட், இரண்டும் தொடராக இணைத்தது. 100 வாட் இழை மின்குமிழைப் போட்டு, சந்தேகப் பொருளைச் சொக்கெட்டில் செருகவேண்டும். மின்குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, சோர்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சோர்ட். ஆனால் பொருள் வெடிக்காது, மின்குமிழ் தாங்கிக்கொள்ளும். நான் பழகிய காலத்தில் இந்தப் பலகையைச் சோம்பலால் தவிர்த்து, ஒரே மாலையில் மூன்று மொஸ்பெட்டுகளை அடுத்தடுத்து வெடிக்க வைத்தவன். மொஸ்பெட் தனியாகப் போவதில்லை. போகும்போது தன் காலடியில் உள்ள ஒரு ஓமுக்கும் குறைந்த சிறு ரெசிஸ்டரையும், தன்னை ஆட்டுவிக்கிற ஐசி என்ற சில்லையும் கூட்டிக்கொண்டு போகும். மொஸ்பெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே நிமிடம் பின்தொடரும். மூன்றாவது வெடித்த பிறகு அண்ணர் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். டியூப் மொனிட்டரில் மட்டும் ஒரு சிக்கல்: டியூபைச் சுற்றி ஓடும் காந்தநீக்கச் சுருள் தொடக்கத்தில் நிறைய மின்னோட்டம் இழுக்கும், மின்குமிழும் பிரகாசிக்கும், நாம் சோர்ட் என்று பயந்துவிடுவோம். அதன் செருகியைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டும்.

மின்குமிழ் பளிச்சிட்டு மங்கியது. பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் சொச்சம். நல்லது. அடுத்து ஐசி. உள்ளே இருந்தது யூசி3842, அந்தக் காலத்து மொனிட்டர்கள் பலவற்றிலும் இருக்கும் எட்டுக்கால் பூச்சி. அதன் 7ஆம் காலில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தேன். மீற்றர் எதையோ காட்டியது; பூச்சியத்துக்கு அருகே, பொருளில்லாத ஒரு இலக்கம். "தொடக்க ரெசிஸ்டர் அறுந்துவிட்டது" என்று, ஐசிக்கு முதல் மின்சாரம் கொடுக்கும் ரெசிஸ்டர்மேல் தீர்ப்பு எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனி காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும். கடைகளில் கூட்டம் குறைவு. இறக்குமதி இல்லை, இருப்பது தீர்ந்தால் எப்போது வரும் என்று தெரியாது என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். 100 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்கினேன். புறக்கோட்டைக்கு வந்துவிட்டு ஒரே சாமானோடு திரும்பக்கூடாது என்பது அண்ணரின் இன்னொரு பழக்கம். அதனால் 47 மைக்ரோபரட், 50 வோல்ட், 105 பாகை என்று எழுதிய கெப்பாசிட்டர் ஐந்தும் கேட்டேன். ஐந்துக்கும் சேர்த்துக் கொடுத்த காசு என் பஸ் கட்டணத்தை எட்டவில்லை. 85 பாகைக் கெப்பாசிட்டரை எடுத்து நீட்டினார், வேண்டாம் என்றேன். இந்த இடத்துக்கு அது உதவாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணிவரை நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். எங்கும் போகமுடியாது. மனைவி அரிசியையும் பருப்பையும் எண்ணினாள். நான் ரெசிஸ்டரை எண்ணினேன்.

இரவு பழைய ரெசிஸ்டரைக் கழற்றி, புதியதை வைத்து ஈயம் இட்டேன். மொனிட்டர் அசையவில்லை. கழற்றிய பழையதை அப்போதுதான், ஒரு சம்பிரதாயத்துக்காக, மீற்றரில் வைத்துப் பார்த்தேன். 100 கிலோஓம். குறையே இல்லை. மாற்றுவதற்கு முன் அளக்கவேண்டும் என்று பழகும் பையன்களுக்கு நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

என்ன நடந்திருக்கிறது என்றால், மீற்றரின் கறுப்பு முனையை நான் மொனிட்டரின் உலோகச் சட்டத்தில் மாட்டியிருந்தேன். இது பழையவர்களே விழுகிற குழி. இப்படிப்பட்ட மின்வழங்கலில் நிலம், அதாவது வோல்ட்டை அளக்கத் தொடங்கும் பூச்சிய இடம், இரண்டு. நிலைமாற்றிக்கு (டிரான்ஸ்போமருக்கு) இந்தப் பக்கம், சுவரிலிருந்து நேரே வருகிற மின்சாரத்தின் நிலம். அதைச் சூட்டுநிலம் என்று சொல்வோம். அந்தப் பக்கம் திரைக்கும் கணினிக்கும் போகிற குளிர்நிலம், சட்டம் அதோடுதான் சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே தொடர்பு வைக்கவில்லை. ஆட்கள் சாகக்கூடாது என்பதற்காக. ஐசி இருப்பது சூட்டுப்பக்கம். அதைக் குளிர்நிலத்திலிருந்து அளந்தால் வருகிற இலக்கத்துக்குப் பொருளே இல்லை. பெரிய கெப்பாசிட்டரின் எதிர்மின் காலில் கறுப்பு முனையை வைத்திருந்தால் வெள்ளிக்கிழமையே வேலை முடிந்திருக்கும்.

ஞாயிறு காலை எழுந்தபோது ஒரு வித்தியாசமான அமைதி. காலி வீதியில் ஒரு பஸ்கூட இல்லை, ஹோர்ன் இல்லை, மீன்காரரின் குரல் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் கேட்கும் என்பதையே மறந்திருந்தோம். அன்று அலைச்சத்தம் சமையலறைவரை வந்தது. மின்விசிறியைக்கூடப் போடாமல் மேசையில் உட்கார்ந்து மொனிட்டரைச் செருகினேன்.

டிக்.

மிக மெல்லிய சத்தம். சுவர்ப்பல்லி வாலை அடிப்பதுபோல. மறுபடியும் டிக், டிக், டிக், நிற்காமல். வெள்ளிக்கிழமையும் அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கவேண்டும். மின்விசிறியும் காலி வீதியும் சேர்ந்து மூடிவிட்டன.

அந்தச் சத்தம் கேட்டால் பொருள் சாகவில்லை என்று அர்த்தம். எழும்ப முயல்கிறது, விழுகிறது, மறுபடி முயல்கிறது. யூசி3842இன் குணம் அப்படி. 325 வோல்ட்டிலிருந்து தொடக்க ரெசிஸ்டர் வழியே சில மில்லியம்பியர் மட்டும் கசிந்து வந்து ஒரு சிறிய கெப்பாசிட்டரை நிரப்பும். அது 16 வோல்ட்டைத் தொட்டதும் ஐசி விழித்துக்கொள்ளும். மொஸ்பெட்டை அடிக்கத் தொடங்கும். விழித்த பிறகு அதன் பசி அதிகம், கசிவு போதாது. நிலைமாற்றியில் தனக்கென்று சுற்றிய ஒரு சுருளிலிருந்து சாப்பாடு வந்து சேரும்வரை அந்தச் சிறிய கெப்பாசிட்டரில் உள்ளதைத்தான் குடிக்கவேண்டும். வருவதற்குள் அழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஐசி மறுபடி தூங்கிவிடும். கணக்கு எளியது: 47 மைக்ரோபரட், 6 வோல்ட் இறங்க இடம், 15 மில்லியம்பியர் அளவு செலவு என்று வைத்தால் கிட்டத்தட்ட 20 மில்லிசெக்கன் தாங்கும். போதுமான அவகாசம். அந்தக் கெப்பாசிட்டர் உலர்ந்து 3 மைக்ரோபரட்டாகச் சுருங்கியிருந்தால்? ஒரு மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். சாப்பாடு அடுப்பில் இருக்கும்போதே மயக்கம்.

பழைய சன்வா முள் மீற்றரை எடுத்தேன். கறுப்பு முனை சூட்டுநிலத்தில், சிவப்பு முனை 7ஆம் காலில். முள் 10க்கும் 16க்கும் நடுவே நடுங்கிக்கொண்டு நின்றது. இலக்க மீற்றர் இந்த இடத்தில் தாறுமாறாக எண்களைக் கொட்டும். நடுக்கத்தைக் காட்ட முள்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இதே டிக் டிக், பின்பக்கத்தில் சுமை அதிகமானாலும் வரும். திரையில் கதிரைப் பக்கவாட்டில் ஓட்டும் கிடைவிலகல் டிரான்சிஸ்டர் சோர்ட் ஆகியிருந்தால் மின்வழங்கல் எழும்பி, சுமையைக் கண்டு பயந்து விழும். அதனால் மின்சாரத்தை நிறுத்தி அதையும் அளந்தேன். இங்கே பழகுகிறவர்கள் ஒரு நல்ல டிரான்சிஸ்டரைக் குப்பையில் போடுவதைக் கண்டிருக்கிறேன். டிரான்சிஸ்டருக்குப் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். பியூ2508டிஎஃப் போன்றவற்றில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றை உள்ளேயே வைத்திருப்பார்கள். மீற்றர் குறைந்த தடை காட்டும். சோர்ட் என்று நினைத்துவிடுவோம். பார்க்கவேண்டியது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே. அங்கே ஒரு திசையில் டயோட் போலக் காட்டி மறுதிசையில் திறந்திருந்தால் பிழை அங்கே இல்லை. இந்த மொனிட்டரிலும் அப்படித்தான் காட்டியது.

அப்போதுதான் ஐயாவின் வசனம் மூளைக்கு வந்து சேர்ந்தது. காலையில் வராது, மத்தியானம் வரும்.

உள்ளே போய் மனைவியின் முடி உலர்த்தியை எடுத்துவந்தேன். "எதற்கு?" என்று கேட்டாள். "மொனிட்டருக்குக் குளிர்கிறது" என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஐசிக்குப் பக்கத்தில், மொஸ்பெட்டின் அலுமினியத் தகட்டோடு ஒட்டினாற்போல், சிறுவிரல் நகம் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டர். உப்பவில்லை, ஒழுகவில்லை, தலை தட்டையாக, புதியதுபோல் பளபளத்தது. தள்ளியிருந்தே அதன்மேல் சூடான காற்றை ஊதினேன். டிக் டிக் வேகம் மாறியது. ஒரு நிமிடம் போயிருக்கும். டிக் நின்றது, மெல்லிய ரீங்காரம் ஒன்று தொடங்கியது, முன்பக்க விளக்கு எரிந்தது. டியூபின் கழுத்துக்குள் செம்மஞ்சள் ஒளி மெதுவாக ஏறியது. அதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

மின்பகுநீர் உலர்ந்த கெப்பாசிட்டருக்குச் சூடு தற்காலிகமாக உயிர் கொடுக்கும். மிஞ்சியிருக்கும் ஈரம் இளகும், உள்தடை குறையும். அச்சகத்தின் தகரக் கூரை செய்ததும் இதைத்தான். ஐயா சாப்பிடப் போன வேளையில் கூரை அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

இப்போது 105 பாகைக்கு வருகிறேன். கெப்பாசிட்டரில் எழுதியிருக்கும் வெப்பத்தில் அது தாங்கும் காலம் பெரும்பாலும் 1,000 அல்லது 2,000 மணிநேரம்தான். 2,000 மணி என்றால் 83 நாள். வெப்பம் ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 105 பாகைக் கெப்பாசிட்டர் 65 பாகையில் இருந்தால் 32,000 மணி, மூன்றரை வருடத்துக்கு மேல். 85 பாகைக் கெப்பாசிட்டர் அதே இடத்தில் 8,000 மணி, ஒரு வருடம்கூட இல்லை. இந்த மொனிட்டரோ இரவுபகல் செருகியபடியே இருபது வருடம். இருபதில் பெரும்பகுதியை அந்தக் கெப்பாசிட்டர் செத்த நிலையிலேயே கழித்திருக்கும். ஓடும்போது அதன் தேவை குறைவு. எழும்பும் அந்தச் சில மில்லிசெக்கனுக்குத்தான் அதன் உடம்பு வேண்டும். எழும்பவேண்டிய அவசியமே அநேகமாக வராததால் யாருக்கும் தெரியவில்லை.

உப்பிய கெப்பாசிட்டரைத் தேடுவது இப்போது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. 2000க்குப் பிறகு சில வருடங்கள் மோசமான மின்பகுநீர் போட்ட கெப்பாசிட்டர்கள் உலகமெங்கும் பரவின. எல்சிடி மொனிட்டர்கள் அவற்றால் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஐயாவுக்கு நான் கொடுத்த எல்சிடியும் ஒருமுறை அப்படிப் போனதுதான். 1000 மைக்ரோபரட் இரண்டு, தலை பணியாரம்போல் வீங்கி இருந்தன. அதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். அதனால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது: உப்பவில்லை என்றால் நல்லது என்று கடந்துபோவது. சின்னக் கெப்பாசிட்டர் பெரும்பாலும் உப்புவதில்லை. சத்தமில்லாமல் காய்ந்துபோகும்.

பள்ளிப் புத்தகத்தில் இதற்குக் கொள்ளளவி என்று பெயர். டயோட் இருவாயி, டிரான்ஸ்போமர் நிலைமாற்றி. நிலைமாற்றி மட்டும் எப்படியோ என் வாயில் நிலைத்துவிட்டது. கொள்ளளவி என்று முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் கடைக்காரர் என்னை இன்னொரு கடைக்கு அனுப்புவார்.

பழையதைக் கழற்றி அளந்தேன். உறையில் 47, மீற்றரில் 3. புதியதைப் பட்டை உள்ள எதிர்க்கால் சரியான பக்கம் வரும்படி வைத்து, ஈயம் உருகத் தொடங்குகிற வேளையில் மின்சாரம் போனது. எங்கள் தொகுதியின் நேரம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன சோல்டரிங் அயனைக் கையில் வைத்துக்கொண்டு பலகணியில் உட்கார்ந்தேன். கீழே வீதியில் ஒரு நாய் வெள்ளைக்கோட்டின்மேல் நிம்மதியாகப் படுத்திருந்தது. மனைவி வெறுந்தேநீர் கொண்டுவந்தாள். "அந்தச் சாமான் எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னேன். "இதற்கா இரண்டு நாள்?" என்றாள். இதற்குத்தான்.

ஒரு கேள்வி வரும்: 47க்குப் பதில் 470 போட்டால் இன்னும் நல்லதல்லவா? இல்லை. கசிந்து வரும் அதே சில மில்லியம்பியரில் 470ஐ நிரப்பப் பத்து மடங்கு நேரம் எடுக்கும். சுவிட்சை அழுத்திவிட்டுச் சில செக்கன் காத்திருக்கவேண்டி வரும். பின்னால் உண்மையிலேயே சுமைக் கோளாறு வந்தால் ஒவ்வொரு முயற்சியும் நீண்டு, மொஸ்பெட்டுக்கு அடி பலமாக விழும். வடிவமைத்தவர் போட்ட அளவையே போடுங்கள். அந்தப் பகுதியில் இருந்த மற்றச் சின்னக் கெப்பாசிட்டர் இரண்டையும் பெட்டியில் கிடந்தவற்றிலிருந்து மாற்றினேன். ஒரே அடுப்பங்கரையில் வளர்ந்தவைதானே.

மின்சாரம் வந்ததும் முதலில் மின்குமிழ்ப் பலகையில், பிறகு நேரே. சுவிட்சை அழுத்தினேன். அதே கணம் எழும்பியது. அணைத்து, பெரிய கெப்பாசிட்டர் முழுவதும் வடியும்வரை காத்திருந்து மறுபடி போட்டேன். பத்துத் தடவை செய்திருப்பேன். பதினோராவது தடவை மனைவி முடி உலர்த்தியைத் திருப்பிக் கேட்டாள்.

திங்கட்கிழமை ஊரடங்கு விலகியதும் கொண்டுபோய் மாட்டினேன். ஐயா கல்வெட்டின் பக்கத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையோடு ஒட்டிக்கொண்டு வாசித்தார். இரண்டாவது பக்கத்திலேயே எல்சிடியில் தப்பிய ஒரு பிழை அகப்பட்டது. "அன்புத் தாய்" என்பதில் ய் மேல் புள்ளி இல்லை. ஒன்றும் பேசாமல் திருத்தினார். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு அது புள்ளியோடு போனது.

"இனிமேல் இரவில் அணையுங்கள் ஐயா" என்றேன்.

"அணைத்தால் வராதே தம்பி."

"வரும்."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. "தம்பி, இரவு அணைத்தேன். வந்துவிட்டது." புதன்கிழமையும் ஏழு மணிக்கு அழைத்தார், வந்துவிட்டது என்றார். வியாழன், வெள்ளி, சனியும் அப்படியே. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் அழைப்பு வரவில்லை. எட்டு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு நானே எடுத்தேன்.

"என்ன ஐயா, வரவில்லையா?"

"எது?" என்றார். பின்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. "ஓ, அதுவா. கல்யாணக் கார்ட் வேலை தம்பி, சொல்ல மறந்துபோனேன்."